வேலை நேரம் குறைந்த பின்னும் குடும்பத்தில் மனநிறைவு கூடாதது ஏன்?

கேள்வி (எழுதியவர்: கணக்குத் துறை ஊழியர்)

அனைவருக்கும் வணக்கம்.

நானும் என் மனைவியும் முழுநேரப் பணியில் இருக்கிறோம். பள்ளி செல்லும் வயதில் இரண்டு பிள்ளைகள் உள்ளனர். எங்களுக்குள் அவ்வப்போது எழுந்த மனத்தாங்கல்கள் பெரும்பாலானவற்றுக்கு நேரமின்மையே காரணம் என்று இருவருமே கருதிவந்தோம். எனவே, வருமானம் ஓரளவு குறைந்தாலும் பரவாயில்லை என்று கலந்து பேசி, மாலையில் குறித்த நேரத்தில் முடிந்துவிடும் பொறுப்பு ஒன்றுக்கு நான் மாறிக்கொண்டேன். மனைவியின் பணியில் மாற்றம் எதுவும் இல்லை. அவர் ஒரு குழுவுக்குத் தலைமை வகிக்கிறார். வீடு திரும்பிய பிறகும் அவருக்குச் செய்திகளும் அழைப்புகளும் வந்துகொண்டேயிருக்கும்.

இப்போது நான் முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இரவுச் சமையல், துணிகள், பிள்ளைகளின் பாடம் ஆகியவற்றை நானே பார்த்துக்கொள்கிறேன். குடும்பத்துக்குக் கிடைக்கும் நேரம் கூடியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும், நாங்கள் எதிர்பார்த்த நிறைவு வரவில்லை. மனைவி முன்பைவிடக் களைத்திருப்பதாகச் சொல்கிறார். நானும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும்போதே மனம் வேறெங்கோ இருப்பதை உணர்கிறேன். சண்டை என்று எதுவும் இல்லை. ஆனால், இருவரும் ஒரே வீட்டில் அவரவர் கடமையை முடித்துக்கொண்டு உறங்கச் செல்பவர்களாக ஆகிவிட்டோமோ என்று கவலையாக இருக்கிறது.

இருவரும் சம்பாதிக்கும் குடும்பங்களில் மனநிறைவைத் தீர்மானிப்பது வேலை நேரத்தின் அளவா, வேலையின் தன்மையா? ஒருவர் மட்டும் தம் பணியை மாற்றிக்கொள்வது போதாதா? பொதுவான அறிவுரைகளைக் காட்டிலும், எது எதற்குக் காரணமாகிறது என்பதை அறியவே விரும்புகிறேன். இத்துறையில் படித்தவர்களோ, இதே நிலையில் இருப்பவர்களோ விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

---

மறுமொழி (எழுதியவர்: பணிசார் உளவியல் ஆசிரியர்)

ஐயா, வணக்கம். கேள்வியைத் தெளிவாக முன்வைத்திருக்கிறீர்கள். நேரம் ஒரு காரணம்தான். ஆனால், அது மூன்றில் ஒன்று.

1985ஆம் ஆண்டில் ஜெஃப்ரி கிரீன்ஹாஸ், நிக்கலஸ் பியூட்டெல் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான முரணை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது, ஓரிடத்தில் செலவிடும் நேரம் மற்றோரிடத்துக்குக் கிடைக்காமல் போவதால் வருவது. இரண்டாவது, உடல் வீட்டுக்கு வந்த பின்னும் பணியிடத்தில் உண்டான பதற்றமும் எரிச்சலும் சோர்வும் விலகாமல் கூடவே வருவதால் நேர்வது. மூன்றாவது, நடத்தையால் வருவது: பிழைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது, உணர்ச்சியை வெளிக்காட்டாமல் பேசுவது, சுருக்கமாகக் கட்டளையிடுவது என்று பணியிடத்தில் பாராட்டுப் பெற்றுத் தரும் பழக்கங்களே துணையிடமும் பிள்ளைகளிடமும் விலகலை உண்டாக்குகின்றன. நீங்கள் மாற்றியது முதல் வகையை மட்டுமே. அதிலும் உங்கள் பங்கை மட்டுமே. மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன.

பிள்ளைகளோடு இருக்கும்போதே மனம் வேறெங்கோ இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதைத் தனியே கவனிக்க வேண்டும். வேலையிலிருந்து மீள்வதைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் சபீனே சோனன்டாக், பணியிடத்தை விட்டு வெளியேறுவதையும் மனம் பணியை விட்டு விடுபடுவதையும் வேறுபடுத்திப் பார்க்கிறார். நேரம் குறைந்தும் வேலையின் அளவு குறையவில்லை என்றால், முன்பு நீண்ட பொழுதில் செய்ததைக் குறுகிய பொழுதில் நெருக்கிச் செய்ய நேர்கிறது. முடியாமல் நின்ற பணிகள் மாலை முழுவதும் நினைவில் உறுத்துகின்றன. மனம் விடுபடாத மாலைப் பொழுது எத்தனை நீளமாக இருந்தாலும் அதில் உடனிருப்பு குறைவாகவே இருக்கும். உங்கள் புதிய பொறுப்பில் வேலையின் அளவும் குறைந்ததா என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கான விடை, தம்பதியை இரு தனி மனிதர்களாகப் பார்க்காமல் ஒன்றாகப் பார்த்தால்தான் கிடைக்கும். ஒருவருடைய வேலையின் அழுத்தம் அவருடைய குடும்ப வாழ்வுக்குள் கசிவது ஒன்று. அந்த அழுத்தம் அவரிடமிருந்து துணைக்குத் தாவுவது மற்றொன்று. இரண்டாவதைப் பற்றி மினா வெஸ்ட்மன் விரிவாக எழுதியிருக்கிறார். சோர்ந்திருப்பவரின் நிலையை அன்பு காரணமாகவே துணைவர் தம்மீது ஏற்றுக்கொள்வதும், சோர்வால் எழும் கடுஞ்சொல் துணைவரைக் காயப்படுத்துவதும் அது தாவும் வழிகளுள் அடங்கும். ஆகவே, உங்கள் நேரம் எவ்வளவு சீரானாலும் உங்கள் மனைவியின் பணி அழுத்தம் உங்கள் மனநிறைவையும் தீர்மானிக்கிறது.

நயால் போல்ஜரும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. 166 தம்பதியர் தொடர்ந்து 42 நாட்கள் நாட்குறிப்பு எழுதினர். கணவருக்குப் பணியிடத்தில் சுமை கூடிய நாட்களில் மனைவி வீட்டு வேலையைக் கூடுதலாகச் செய்து அதை ஈடுகட்டினார்; மனைவிக்குச் சுமை கூடிய நாட்களில் கணவரிடம் அதே அளவு ஈடுகட்டல் காணப்படவில்லை. அந்த ஆய்வு நடந்த காலத்தைவிட இன்று நிலைமை பல வீடுகளில் மாறியிருக்கிறது. உங்கள் வீடே அதற்கு எடுத்துக்காட்டு. ஆனால், ஒருநாளின் சுமை அன்று மாலையே வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது என்னும் அடிப்படைக் கண்டறிதல் அதன் பிறகும் பலமுறை உறுதியாகியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரெனா ரெப்பெட்டி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ஆராய்ந்தபோது, பணிச்சுமை மிகுந்த நாட்களில் அவர்கள் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கியிருந்ததைக் கண்டார். துணைவர் அதைப் புரிந்துகொண்டு இடம் கொடுத்த வீடுகளில் அவர்கள் கூடுதலாக ஒதுங்கியிருந்தனர்; கோபத்தை வெளிக்காட்டுவது குறைந்திருந்தது. எனவே, மனைவி வந்தவுடன் சற்று நேரம் பேசாமலிருந்தால் அதை அன்புக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால், அதுவே ஒவ்வொரு நாளின் வழக்கமாகிவிட்டால் இருவருக்கும் அது நல்லதன்று.

---

மறுமொழி (எழுதியவர்: மருத்துவமனைச் செவிலியர்)

வணக்கம். நானும் என் கணவரும் சுழற்சி முறைப் பணியில் இருப்பவர்கள். மொத்த நேரத்தைக் கணக்கிட்டால் எங்களுடையது மிக அதிகம் என்று சொல்ல முடியாது. எங்களை வாட்டுவது, அந்த நேரம் நாளின் எந்தப் பகுதியில் விழுகிறது என்பதும் அடுத்த வாரம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாமலிருப்பதும்தான்.

இரவுப் பணியில் இருப்பவர் பகலில் உறங்க வேண்டும். அவர் உறங்குவதற்காக வீட்டில் மற்ற அனைவரும் அடங்கியிருக்க வேண்டும். ஒருவர் வந்தால் மற்றவர் கிளம்புகிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஒரு பெற்றோர் வீட்டில் இருக்கிறார் என்பது உண்மையான நன்மை. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், பெற்றோர் இருவரும் ஒன்றாக இருக்கும் பொழுது அருகிப்போகிறது. பகல் நேரம் தவிர்த்த பணி முறைகளை ஆராய்ந்த ஹாரியட் பிரெசர் என்னும் சமூகவியலாளர், பிள்ளைகளுள்ள இளம் தம்பதியரிடையே இரவுப் பணிக்கும் மணமுறிவுக்கும் தொடர்பு இருப்பதை 2000ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். எங்கள் துறையில் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு அது.

பணி அட்டவணை முன்னதாகவே கையில் கிடைக்கும் மாதங்களில் எங்கள் வீடு அமைதியாக இருக்கிறது. அதே அளவு வேலை, கடைசி நேர மாற்றங்களோடு வரும்போது, எந்தத் திட்டத்தையும் நம்பி வாழ முடியாத நிலை ஏற்படுகிறது. பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போவது பெற்றோரின் மனத்தை எவ்வளவு அரிக்கும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஆகவே, ஐயா, உங்கள் மனைவியின் பணியில் நேரத்தின் நீளத்தைப் பார்ப்பதோடு, மாலையில் எப்போது அழைப்பு வரும் என்று தெரியாத நிலை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அழைப்பு வராத மாலைகளிலும் அதற்காகக் காத்திருக்கும் மனத்துக்கு ஓய்வு இல்லை.

---

மறுமொழி (எழுதியவர்: பணியாளர் நலப் பிரிவில் இருந்தவர்)

மேலே எழுதியவற்றோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், தீர்வு முழுவதையும் தம்பதியின் தோளில் ஏற்றிவிடுவோமோ என்று அஞ்சுகிறேன். மனத்தை விடுவித்துக்கொள்ளும்படி ஊழியரிடம் சொல்லிவிட்டு, அவருடைய மேலாளர் இரவில் செய்தி அனுப்புவதைப் பற்றிப் பேசாமலிருப்பது நியாயமாகாது.

எரின் கெல்லி, ஃபில்லிஸ் மோயன் ஆகியோர் தலைமையில் அமெரிக்காவில் ஒரு பெருநிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில், எப்போது எங்கிருந்து வேலை செய்வது என்பதை ஊழியர்களே பெருமளவு தீர்மானிக்கும் வகையில் மாற்றம் செய்யப்பட்டது. ஊழியர்களின் குடும்ப வாழ்வுக்கு ஆதரவு காட்டுவதற்கு மேலாளர்களுக்குப் பயிற்சியும் தரப்பட்டது. மற்றக் குழுக்களோடு ஒப்பிட்டபோது, இந்தக் குழுக்களில் வேலை–குடும்ப முரண் குறைந்தது. விளைவு மிகப் பெரியது என்று சொல்ல முடியாது. ஆனால், ஊழியரின் மனப்பக்குவத்தை மாற்ற முயலாமல் பணியிடத்தை மாற்றியதால் கிடைத்த விளைவு அது என்பதால் நான் அதைப் பெரிதாக மதிக்கிறேன்.

சட்டமும் மெல்ல இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1965இல் குடும்பப் பொறுப்புள்ள பெண்களுக்கென்று மட்டும் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. 1981இல் வந்த 156ஆம் உடன்படிக்கையோ குடும்பப் பொறுப்புள்ள ஆண், பெண் தொழிலாளர் இருபாலாருக்கும் பொருந்துமாறு எழுதப்பட்டது. பணி நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்சில் 2017இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் மனைவியின் பணியிடத்தில் எந்த நேரம்வரை, எத்தகைய அவசரத்துக்கு அழைக்கலாம் என்ற விதி எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால், குழுத்தலைவர் என்ற முறையில் தம் குழுவுக்காவது அத்தகைய விதியை அவரே வகுக்கலாம். அது அவருக்குக் கீழே பணியாற்றுவோரின் குடும்பங்களுக்கும் உதவும்.

---

மறுமொழி (எழுதியவர்: கேள்வி கேட்டவரின் மனைவி)

வணக்கம். என் கணவர் இந்த உரையாடலை எனக்குக் காட்டினார். என் தரப்பையும் எழுதினால் விளக்கம் தருவோருக்கு எளிதாக இருக்கும் என்று அவரே கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

அவர் எடுத்துக்கொண்ட வேலைகளை முழு மனத்தோடு செய்கிறார். அதில் எனக்குக் குறையே இல்லை. என் களைப்புக்கு இரண்டு காரணங்கள் இருப்பதாக நினைக்கிறேன். முன்பு இருவரும் தாமதமாக வந்தோம். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இப்போது எனக்காக மூவர் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் மாலை ஆனதும் எனக்குள் ஏறிக்கொள்கிறது. கூட்டம் நீளும்போது என் கண் கடிகாரத்தின் மீதே இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பாதியில் விட்டுவந்த வேலையின் நினைவாகவே இருக்கிறது.

இரண்டாவது காரணத்தைச் சொல்வதற்குத் தயக்கமாக இருக்கிறது. வேலைகள் அவரிடம் சென்றாலும் அவற்றைப் பற்றிய நினைப்பு என்னிடமே தங்கிவிட்டது. வீட்டில் எந்தப் பொருள் தீரப்போகிறது, பள்ளியிலிருந்து வந்த அறிவிப்புக்கு எப்போது பதில் தர வேண்டும், பிள்ளைக்கு அடுத்த தடுப்பூசி எப்போது, பெரியவர்களின் மருத்துவப் பரிசோதனை எந்த நாள் என்பவையெல்லாம் என் தலைக்குள்தான் இருக்கின்றன. பணியிடத்தில் இருக்கும்போதே இவற்றைப் பற்றி அவருக்கு நினைவூட்டுகிறேன். அவரும் ஐயம் வந்தால் என்னையே அழைத்துக் கேட்கிறார். இதை வேலை என்று சொல்லலாமா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

---

மறுமொழி (எழுதியவர்: குடும்பநல ஆலோசகர்)

அம்மா, அது வேலைதான், தயங்க வேண்டாம். இருவரும் சம்பாதிக்கும் தம்பதியர் என்னிடம் வரும்போது, பெரும்பாலும் கடைசியில் வெளிவருவது நீங்கள் எழுதிய இந்தச் செய்திதான்.

ஆலிசன் டாமிங்கர் என்னும் சமூகவியலாளர் 35 தம்பதியரிடம் விரிவாகப் பேசி, 2019இல் வெளியிட்ட ஆய்வில் இந்த நினைப்பு வேலையை நான்கு படிகளாகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டியே உணர்தல், அதை நிறைவேற்றும் வழிகளைத் தேடுதல், அவற்றுள் ஒன்றை முடிவு செய்தல், முடிவு சரியாக நடக்கிறதா என்று கண்காணித்தல். முடிவெடுக்கும் படியில் கணவனும் மனைவியும் ஏறத்தாழச் சேர்ந்தே ஈடுபட்டனர். முன்னுணர்தலும் கண்காணித்தலும் மட்டும் பெரும்பாலும் பெண்களிடமே இருந்தன. முடிவைச் சேர்ந்தே எடுப்பதால் இருவருக்கும் சமமாகப் பங்கு இருப்பதாகத் தோன்றுகிறது. ஓயாமல் மனத்தைப் பிடித்துவைத்திருக்கும் முதல் படியும் கடைசிப் படியும் கண்ணில் படுவதே இல்லை; பணியிடத்துக்கும் அவை கூடவே வருகின்றன. மனைவி களைப்பதும், உண்மையாகவே உழைக்கும் கணவர் காரணம் புரியாமல் திகைப்பதும் இதனால்தான்.

இந்தப் பின்னணி ஒரு வீட்டோடு நிற்பதன்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை, ஊதியமில்லாத பராமரிப்பு வேலைக்குப் பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 4 மணி 25 நிமிடமும் ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் செலவிடுவதாகக் கூறுகிறது. அத்தகைய கணக்கெடுப்புகளில், பணியிடத்தில் அமர்ந்தபடியே ஒருவர் வீட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும் நேரம் பெரும்பாலும் பதிவாவதில்லை.

பங்கீட்டின் அளவைப் போலவே, அது நியாயமாக இருக்கிறது என்று இருவரும் உணர்வதும் மனநிறைவை ஆழமாகப் பாதிக்கிறது. இருவருக்கும் சரிபாதி இல்லாத வீடுகளிலும் நிறைவோடு வாழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துல்லியமாகப் பிரித்துக்கொண்டும் உள்ளுக்குள் புழுங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். இரு வருமானக் குடும்பங்களை ஆராய்ந்த ஆர்லி ஹோக்ஷீல்டு 1989இல் இதைத் தம்பதியருக்கிடையே நடக்கும் நன்றியின் கொடுக்கல் வாங்கலாக விளக்கினார். கணவர் சமைப்பதை ஒருவர் பரிசாகவும் மற்றவர் இயல்பான கடமையாகவும் கருதினால், கொடுத்தவருக்கு எதிர்பார்த்த நன்றி கிடைப்பதில்லை. பெற்றவருக்கும் எதையும் பெற்றதாகத் தோன்றுவதில்லை. ஐயா, நீங்கள் வருமானத்தை விட்டுக்கொடுத்தது உங்கள் கணக்கில் பெரிய ஈகமாக இருக்கலாம். மனைவியின் கணக்கில் அது எங்கே இருக்கிறது என்று இருவரும் பேசியதுண்டா? அம்மா, பல ஆண்டுகளாக நீங்கள் சுமந்துவந்த நினைப்பு வேலை அவருடைய கணக்கில் ஏறவே இல்லை. அவர் அதை அறிந்திருக்க வழியும் இல்லை.

நான் பரிந்துரைப்பது இதுதான். தனித்தனிச் செயல்களைப் பிரித்துக்கொள்வதை நிறுத்தி, ஒரு துறையை முழுமையாக ஒருவரிடம் ஒப்படையுங்கள். பள்ளி தொடர்பான அனைத்தும் கணவரிடம் என்றால், அறிவிப்பைப் படிப்பது, தேதியை நினைவில் வைப்பது, ஆசிரியரைச் சந்திப்பது, விடுபட்டதைச் சரிசெய்வது என்று நான்கு படிகளும் அவரிடமே இருக்க வேண்டும். பள்ளியின் பதிவேட்டில் முதலில் அழைக்க வேண்டிய எண்ணாக அவருடைய எண்ணே இருக்கட்டும். தொடக்கத்தில் சில விடுபடும். அப்போது மனைவி நினைவூட்டிவிட்டால் கண்காணிப்பு மனைவியிடமே திரும்பிவிடும். ஆகவே, பிள்ளையின் உடல்நலமோ பாதுகாப்போ தொடர்பில்லாதவற்றில் பொறுத்திருக்க வேண்டும். எந்த அளவுக்குச் செய்தால் போதும் என்பதை முன்னதாகவே இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஒருவர் வேண்டுமென்றே தரத்தைக் குறைக்கிறார் என்றும், மற்றவர் எதிலும் குறை காண்கிறார் என்றும் எழும் வருத்தங்கள் பெரும்பாலும் அந்தப் பேச்சு நடக்காததால் வருபவை.

---

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பள்ளி, மருத்துவம் ஆகிய இரு துறைகளையும் முழுமையாக நான் எடுத்துக்கொள்வதென்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். ஆசிரியர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். வேலையிலிருந்து குடும்பத்துக்கு வருவன எல்லாம் தீமைகளாகவே சொல்லப்படுகின்றன. என் மனைவி தம் பணியை மிகவும் விரும்புகிறார். அந்த விருப்பத்தால் குடும்பத்துக்கு நன்மை எதுவும் இல்லையா?

---

மறுமொழி (எழுதியவர்: பணிசார் உளவியல் ஆசிரியர்)

நிச்சயமாக உண்டு. முரணைப் பற்றி 1985இல் எழுதிய அதே கிரீன்ஹாஸ், 2006இல் கேரி பவெலுடன் சேர்ந்து, ஒரு பொறுப்பு மற்றொன்றை வளப்படுத்துவதைப் பற்றியும் எழுதினார். அதற்கு இரண்டு வழிகளை அவர்கள் கூறினர். பணியிடத்தில் கற்ற திறன், பெற்ற தன்னம்பிக்கை, வருமானம், பழகிய மனிதர்கள் ஆகியவை வீட்டில் நேரடியாகப் பயன்படுவது ஒரு வழி. பணியில் நேர்ந்த மகிழ்ச்சி மனநிலையாக வீட்டுக்குள் வருவது இன்னொரு வழி. ரோசலிண்ட் பார்னெட் தம் ஆய்வுகளில் தொடர்ந்து வலியுறுத்தியதும் இதற்கு நெருங்கியதே: ஒருவர் எத்தனை பொறுப்புகளைச் சுமக்கிறார் என்பதைவிட, அப்பொறுப்புகள் அவருக்குத் தரும் அனுபவத்தின் தரமே அவருடைய நலனை அதிகமாகத் தீர்மானிக்கிறது. எனவே, விரும்பும் பணியை உங்கள் மனைவி விட்டுவிட்டால் குடும்ப நிறைவு கூடும் என்று கருத இடமில்லை, குறையவும் கூடும்.

ஆனால், தீமை தாவுவதைப் போல நன்மை அவ்வளவு எளிதில் தாவுவதில்லை. அழுத்தம் முகத்திலும் குரலிலும் தெரிந்துவிடுகிறது. பணியிடத்தில் கிடைத்த பாராட்டை யாராவது சொன்னால்தான் தெரியும். ஷெல்லி கேபிளும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒருவர் தமக்கு நேர்ந்த நல்லதைச் சொல்லும்போது துணைவர் ஆர்வத்தோடு மேலும் கேட்டு உடன் மகிழும் உறவுகளில் மனநிறைவு கூடுதலாக இருந்தது. நல்ல செய்தியைக் கேட்டும் கேளாததுபோல இருப்பதும், உடனே அதிலுள்ள சிக்கலைச் சுட்டிக்காட்டுவதும் குறைந்த நிறைவோடு தொடர்புபட்டிருந்தன. வரவுசெலவில் பிழை தேடும் துறையில் இருக்கும் நீங்கள் இந்த இரண்டாவதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மனைவி தம் குழுவின் வெற்றி ஒன்றைச் சொல்லும்போது, அதனால் மறுநாள் வேலை கூடுமா என்று கேட்பதற்கு முன்பு, அது எப்படி நடந்தது என்று கேளுங்கள்.

அதற்கான நேரத்தையும் தேர்ந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குள் நுழைந்த உடனே பேச வேண்டியதில்லை. பிள்ளைகள் உறங்கிய பிறகு, இருவர் கைப்பேசிகளும் கைக்கெட்டாத இடத்தில் இருக்கும்போது பேசலாம். அழைப்பு நேரம் குறித்த விதியை உங்கள் மனைவி தம் குழுவில் வகுத்துவிட்டால் அது எளிதாகிவிடும். முதலில் அதை முடித்துவிடும்படி அவரிடம் சொல்லுங்கள்.